ஷீலா அண்ணி சொன்ன சாட்சி

மாடம்பாக்கத்திலிருந்து சேலையூருக்குப் போகும் ஒரு பள்ளிக்கூட வேனில் என் அண்ணி ஷீலா பதினோரு வருஷம் ஆயாவாக இருந்தாள். அந்தப் பதினோரு வருஷத்தில் அவள் வேனுக்குள் உட்கார்ந்து பார்த்ததாக எந்தப் பிள்ளையும் சொல்லாது. டிரைவருக்குப் பின்னால் ஆயாவுக்கென்று ஓர் ஒற்றை சீட் இருந்தது. அதில் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்கள்தான் சவாரி செய்யும். இவள் கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருவாள். சுறுசுறுப்பான பொம்பளை, ஒரு நிமிஷம் உட்கார மாட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நல்ல பெயர். நல்ல பெயர் கொடுத்தவர்களுக்கு என்ன தெரியும்? அந்தப் பள்ளிக்கூடம் ஆயாக்களுக்குக் கொடுத்த சீருடை வெளிர்நீலப் புடவை. அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆம்பளை என்று மட்டும் அடித்துச் சொல்வேன்.

அண்ணிக்கு உதிரப்போக்கு. எல்லாருக்கும் வருகிற மாதிரி நாலு நாள் அல்ல. மாதத்தில் பதினைந்து நாள், சில மாதம் இருபது நாள். சில சமயம் இரண்டு மாதம் ஒன்றுமே வராது. அப்புறம் வரும்போது கட்டி கட்டியாகக் கொட்டும். இரண்டு நாப்கினுக்கு மேல் பழைய வேட்டித் துணியை மடித்து வைத்து, அதற்கு மேல் பாவாடைக்குள் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போவாள். காலை ஆறரை மணிக்கு வீட்டை விட்டால் கழிப்பறை பார்க்கப் பத்து மணி ஆகும். அவள் போகிற கிறிஸ்தவ சபையில் அதற்குப் பெரும்பாடு என்று ஒரு பெயர் உண்டு. அண்ணி அதற்கு எந்தப் பெயரும் வைத்ததில்லை. கேட்டால், உடம்பு சரியில்லை என்பாள், அவ்வளவுதான்.

நான் ஜாஸ்மின், அவளுடைய நாத்தனார். நாத்தனார் என்றதும் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். நானும் முதல் வருஷம் அப்படித்தான் இருந்தேன். அவள் வைத்த குழம்பில் உப்பு கூட, புளி கம்மி என்று வாய் ஓயாமல் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு எனக்குக் கல்யாணமாகி, பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தபோது நாற்பது நாளும் என் துணியைத் துவைத்தவள் அவள்தான். அதுவும் எப்போது? அவளுடைய மூன்றாவது கரு கலைந்து இரண்டு மாதம் ஆகாதபோது. என் பிள்ளையை மடியில் போட்டு எண்ணெய் தேய்ப்பாள். முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ள மாட்டாள். அன்றோடு என் நாத்தனார் வேஷம் கலைந்தது. எனக்கு அவளை விட்டால் வேறு ஆள் கிடையாது.

என் அண்ணன் சாலமன் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். அந்த மூன்றாவது கருவுக்கு அப்புறம்தான் குடிக்கத் தொடங்கினான். முதலில் சனிக்கிழமை மட்டும். பிறகு கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி சம்பளம் தேய்ந்து, வேலை தேய்ந்து, எங்கள் வீட்டு மனிதன் தெருமுனையில் படுத்துக் கிடக்கிறான் என்று ஊரார் வந்து சொல்லும் நிலைக்கு வந்தது. அடிக்க மாட்டான். அதையே ஒரு பெருமையாக நாங்கள் சொல்லிக்கொள்வோம். குடித்துவிட்டு வந்து அண்ணியின் காலடியில் உட்கார்ந்து, பிள்ளை கொடுக்க முடியவில்லையே என்று அழுவான். அடித்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள் என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

நாலு வருஷத்துக்கு முன்னால், புது வருஷம் பிறந்த மறுநாள், அண்ணி பால் பாக்கெட் வாங்கப் போன இடத்தில் மயங்கி விழுந்தாள். நான் கீழ்க்கட்டளையில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். லீவு சொல்லிவிட்டு ஓடிவந்து, வரமாட்டேன் என்றவளை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு கேம்ப் ரோடு பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உட்சுவர் ரொம்பத் தடித்திருப்பதாக வந்தது. டாக்டரம்மா பொறுமையானவர். இது ஹார்மோன் மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று, இருபத்தொரு நாள் விடாமல் சாப்பிட வேண்டும், முடித்து மூன்று நாலு நாளில் மாதவிலக்கு மாதிரி வரும், பயப்படக் கூடாது என்று விளக்கினார். இரும்புச் சத்துக்கு ஊசி போட்டார். நாங்கள் எழுந்தபோது மறுபடி உட்காரச் சொன்னார்.

"இந்த மாத்திரை ரத்தத்த நிறுத்தும். வியாதி சரியாயிடும்னு நான் சொல்லல. மாத்திரை முடிஞ்சதும் கண்டிப்பா வாங்க. உள்ளேருந்து கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிப் பார்க்கணும். அது பண்ணாம விடக் கூடாது."

இரண்டு பேரும் தலையை ஆட்டினோம். நானும் கேட்டேன். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

அண்ணியின் சபை மாடம்பாக்கத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் நடக்கிறது. ஐம்பது அறுபது குடும்பம். ஒவ்வொரு ஜனவரியிலும் முதல் தேதியிலிருந்து இருபத்தொரு நாள் உபவாச ஜெபம் உண்டு. அண்ணி மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் ஜனவரி இரண்டு. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. எப்போதும் போதையில் இருந்த அண்ணனுக்கு ஆஸ்பத்திரியும் தெரியாது, மாத்திரையும் தெரியாது. மாத்திரை ஆரம்பித்த நாலாம் நாள் உதிரம் நின்றது. பாஸ்டர் ஜீவானந்தம் தினமும் சாயங்காலம் அவள் பெயரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தார். அவர் நல்ல மனிதர். இதில் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வழியே இல்லை, எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டேன்.

உபவாசத்தின் கடைசி நாள் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். அண்ணனும் வந்திருந்தான், அண்ணியைத் திரும்பக் கூட்டிப்போக. ஷூவைக் கழற்ற வேண்டுமே என்ற சோம்பலில் படிக்கட்டிலேயே நின்றான். சாட்சி சொல்லுகிறவர்கள் வரலாம் என்றார் பாஸ்டர். எங்களில் சாட்சி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் எழுந்து மைக்கில் சொல்ல வேண்டும். சொன்னபின் அது சபையின் சொத்து. திருப்பி வாங்க முடியாது. பக்கத்திலிருந்த பெண்கள் அண்ணியின் முழங்கையைக் குத்தி எழுப்பிவிட்டார்கள். உதிரம் நின்றதை அவள் யாரிடமோ வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள்.

பத்து வருஷமாக இப்படி இருந்தேன், இப்போது இரண்டு வாரமாக ஒரு சொட்டு இல்லை என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குள் அறை முழுக்க ஸ்தோத்திரம், கைதட்டல். மாத்திரையைப் பற்றியும் சொல்லத்தான் வாயைத் திறந்ததாகவும் சத்தத்தில் முடியாமல் போனதாகவும் பிறகு என்னிடம் சொன்னாள். நான் நம்புகிறேன். அவள் பொய் சொல்லத் தெரிந்தவள் அல்ல. ஆனால் அந்தச் சத்தம் அடங்குவதற்குள் என் அண்ணன் ஷூ காலோடு உள்ளே நடந்து வந்தான். அவள் கையிலிருந்த மைக்கை வாங்கினான்.

"இன்னாமோ சொல்லுவாங்க, நம்பினது இல்ல. இன்னிக்கி நம்புறேன். என் பொண்டாட்டி சுகமா கீற வரைக்கும் நான் சாராயத்த தொட மாட்டேன். இது என் பொருத்தனை."

பொருத்தனை என்பது ஆண்டவரோடு செய்துகொள்கிற ஒப்பந்தம். அவன் அழுதான், பாஸ்டர் அழுதார், நான் விக்கி விக்கி அழுதேன். அண்ணி மட்டும் அழவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது. ரத்தம் குறைவாக இருப்பதால்தான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாத்திரை தீர்ந்தது. அதற்கு மூன்றாம் நாள் மத்தியானம் என் கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் மாதிரி கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, மறுபடி வந்துவிட்டது என்றாள். டாக்டரம்மாதான் வரும் என்று சொன்னாரே அண்ணி, பயப்படாதே என்றேன். ஐந்து நாளில் நிற்கவேண்டியது பத்து நாள் ஆகியும் நிற்கவில்லை. மறுபடி வந்தாள். பொருத்தனை செய்ததிலிருந்து இரண்டு வாரமாக அண்ணன் குடிக்கவில்லை. ஏழு மணிக்கு வீட்டுக்கு வருகிறான். கை நடுங்குகிறது, சோறு இறங்கவில்லை, ஆனாலும் தொடவில்லை. பஜ்ஜி வாங்கிக்கொண்டு வருகிறான். அவள் அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் புருஷன் பஜ்ஜி வாங்கி வந்தது அவளுக்குச் செய்தி.

"ஆஸ்பத்திரிக்குப் போனா தெரிஞ்சிடும் ஜாஸ்மின்," என்றாள். "அங்க லேப்ல வேல பாக்குற பொண்ணு நம்ம சபையில பாடுற பொண்ணு. இவருக்குத் தெரிஞ்சா அன்னிக்கே கடைக்குப் போயிடுவாரு. சுகமா இருக்கிற வரைக்கும்னு சொல்லியிருக்காரு. ஆனா டெஸ்ட் பண்ணணும்னு டாக்டர் சொன்னாங்களே. நான் போயிடட்டுமா?"

அவள் என்னிடம் அனுமதி கேட்டாள். இதை நான் மறைக்கப் போவதில்லை. போ அண்ணி என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் என் அண்ணன். எட்டு வருஷமாகத் தெருவில் கிடந்தவன் இரண்டு வாரமாக வீட்டில் சாப்பிடுகிறான். எனக்கு அவன் வேண்டும். ஆறு மாதம் போகட்டும், அவனுக்கு அது பழகட்டும், அதற்கப்புறம் டெஸ்ட் பார்த்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் அதே மாத்திரையை நான் வாங்கித் தருகிறேன் என்றேன். யோசனை என்னுடையது. அவளுடையது அல்ல.

எங்கள் கண்ணாடிக் கடைக்கு அடுத்த கடை மோகன்ராஜ் அண்ணனின் மெடிக்கல். டாக்டர் சீட்டை போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டி மாதம் நாற்பத்திரண்டு மாத்திரை வாங்கினேன். இரண்டு மூன்று மாதம் கழித்து, டாக்டரை மறுபடி பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தோம் என்றேன். அப்புறம் அவரும் கேட்கவில்லை. மருந்துக் கடைக்காரரிடம் பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பல்லி மிட்டாய் வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். அட்டையைப் பிரித்து, மாத்திரைகளைக் காலி கண் சொட்டு மருந்து டப்பாக்களில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை சபையில் அவளிடம் கொடுப்பேன். ஸ்தோத்திரம் சிஸ்டர் என்று கை குலுக்கும்போது கொடுப்பேன். சில மாதம் டப்பாவில் போட நேரமில்லாமல் அட்டையாகவே கொடுத்ததுண்டு.

இருபத்தொரு நாள் மாத்திரை, ஒரு வாரம் இடைவெளி. அந்த வாரத்தில் வருவது எல்லாருக்கும் வருகிற மாதிரிதான் இருந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அண்ணிக்கு ரத்தம் ஏறியது. கன்னத்தில் சதை வைத்தது. முதல் வருஷம் அவர்கள் இரண்டு பேரும் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்லாமல் விட்டால் நான் பாவி. அண்ணன் மீன் கழுவக் கற்றுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன்தான் குழம்பு வைப்பான். வண்டியில் அவளைக் கோவளத்துக்குக் கூட்டிப்போய் அலையில் நிற்கவைத்து போட்டோ எடுத்தான். அந்தப் படத்தில் அவள் வெள்ளையில் பூப்போட்ட சுடிதார் போட்டிருப்பாள். அவள் வெள்ளை போட்டு நான் பார்த்தது அந்த ஒரு வருஷம்தான். நானே நினைத்துக்கொண்டேன், மாத்திரையும் ஆண்டவர் கொடுத்ததுதானே என்று. இப்படித்தான் மனசு தனக்கு வேண்டியதைத் தானே பேசிக்கொள்ளும்.

ஆறு மாதம் ஒரு வருஷமானது. டெஸ்ட்டுக்குப் போகலாம் என்று நான் இரண்டு தடவை சொன்னேன், சத்தியமாகச் சொன்னேன். அப்போது அவள்தான் மாட்டேன் என்றாள். காரணம், சாட்சி அதற்குள் ஊர் சுற்றத் தொடங்கியிருந்தது. கோவிலம்பாக்கத்தில் ஒரு கூட்டம், ஊரப்பாக்கத்தில் ஒரு கூட்டம், பாஸ்டர் அவளை அழைத்துப்போய்ச் சொல்லவைத்தார். அண்ணனும் கூடப் போவான். அவள் சுகமானதைச் சொல்லுவாள், அவன் குடியை விட்டதைச் சொல்லுவான், புருஷனும் பெண்டாட்டியும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவளுக்குத் தெரியும். ஒரு கூட்டத்தில், கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பெண் அவளைத் தனியாக வந்து கேட்டிருக்கிறாள், தனக்கும் இதே தொந்தரவு, மருந்தில்லாமலே சுகமாகுமா அக்கா என்று. அண்ணி அவளைக் கழிப்பறைப் பக்கம் இழுத்துப்போய், பேசாமல் டாக்டரிடம் போ, ஸ்கேன் எடு, சொன்ன டெஸ்ட்டையெல்லாம் பண்ணு என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாளாம். அதற்கப்புறம் தலைவலி, கால்வலி என்று கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தினாள்.

மூன்றாம் வருஷக் கடைசியில் மாத்திரை சாப்பிடும் நாட்களிலேயே உதிரம் எட்டிப் பார்த்தது. ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை மூன்றானது. மோகன்ராஜ் அண்ணன் இந்த முறை கொஞ்சம் கறாராகக் கேட்டார். சீட்டு பழசாகிவிட்டது, புதுசு கொண்டு வாருங்கள் என்றார். நான் கோபப்பட்டுவிட்டு வேறு கடைக்குப் போனேன். அடிவயிறு கல்லாக இருக்கிறது என்று அண்ணி சொன்னபோது வயசுக் கோளாறு, மாதவிலக்கு நிற்கப் போகிற நேரம் அப்படித்தான் இருக்கும் என்றேன். ஏற்றின சதையெல்லாம் ஒரே கோடையில் வடிந்தது. புலிவாலைப் பிடித்துவிட்டோம். விடவும் முடியவில்லை, பிடித்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், வேன் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நிற்கும்போது, ஒரு யூகேஜி பிள்ளை, ஆயா உங்க புடவையில பெயிண்ட் ஒட்டிக்கிச்சு என்று சொல்லியிருக்கிறது. அவள் திரும்பிப் பார்த்தாள். அப்படியே கம்பியை விட்டுவிட்டுச் சரிந்தாள். பிள்ளைகளெல்லாம் அலறின. டிரைவர் வேனோடு ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார்.

அதற்கு அப்புறம் நடந்ததெல்லாம் சீக்கிரம் நடந்தது. நாலு வருஷம் தள்ளிப்போட்ட டெஸ்ட்டை ஒரே காலையில் எடுத்துவிட்டார்கள். சதை எடுக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கர்ப்பப்பையில் புற்றுநோய், நுரையீரல் வரைக்கும் போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், நடுவயதுக்காரர், பழைய ஸ்கேனையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்ன மாத்திரை, எத்தனை வருஷம், யார் சொல்லிச் சாப்பிட்டார்கள் என்று கேட்டார். நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்றேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மாத்திரையால் வந்த வியாதி இல்லை இது, மாத்திரை ரத்தத்தை நிறுத்தி வைத்திருந்ததால் வியாதி வெளியே தெரியவில்லை, அன்றைக்கே பார்த்திருந்தால் கர்ப்பப்பையை எடுத்திருப்போம், அநேகமாக அதோடு முடிந்திருக்கும் என்றார். நல்லவர்கள் திட்டாமல் சொல்வதுதான் தாங்க முடியாது.

அண்ணிக்கு வியாதியைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவருக்கு மாத்திரை விஷயம் தெரியக் கூடாது, புதுசாக வந்த வியாதி என்று சொல்லிவிடு என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். மருந்து மயக்கத்திலும் அதையே சொன்னாள். என்னால் சுமக்க முடியவில்லை. ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணனை உட்காரவைத்து, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுதான் இருந்தேன். சாட்சி சொன்ன நாளில் அண்ணி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் அண்ணா என்றேன்.

"தெரியும்," என்றான்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று இருந்தது.

"ரெண்டாவது மாசமே தெரியும். வண்டி சாவி காணோம்னு அவ பையத் தொறந்தேன், மாத்திரை அட்டை கீது. மெடிக்கல்ல காட்டி இது இன்னாத்துக்குன்னு கேட்டேன். பொம்பளைங்க ரத்தப்போக்குக்குன்னான். அப்டியே கொண்டாந்து பைல வெச்சிட்டேன்."

ஏன் அவளைக் கேட்கவில்லை என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். அத்தனை பேர் முன்னால் சாட்சி சொன்னவள், நானே போய் அது பொய் என்று சொன்னால் அவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள் என்றான். மாத்திரையில் நன்றாகத்தானே இருக்கிறாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கட்டும், தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம் என்று விட்டுவிட்டானாம்.

"அப்போ உன் பொருத்தனை?"

"அவ சுகமாவலன்னு தெரிஞ்சிகினுதான் நாலு வருஷமா தொடாம கீறேன். எனக்கோசரம் அவ மறைச்சிகினு கீறா. அவளுக்கோசரம் நான் இது கூட செய்ய மாட்டனா?"

பிறகு என் பக்கம் திரும்பி, மாத்திரையோடு டாக்டர் வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டான். எனக்குப் பொய் சொல்லத் தோன்றியது, பழகிப்போன வாய்தானே. ஆனால் வரவில்லை. டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள், நான்தான் ஆறு மாதம் போகட்டும் என்றேன் என்று சொன்னேன். அவன் எழுந்து வராந்தாக் கடைசி வரைக்கும் நடந்து போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். அன்று சாயங்காலம் அவன் குடித்துவிட்டு வருவான் என்று கேட்டிலேயே காத்திருந்தேன். இளநீர் வாங்கிக்கொண்டு வந்தான். இன்றைக்கு வரைக்கும் அவன் தொடவில்லை.

மருந்து ஏற்றுவதில் பலனில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். மாடம்பாக்கத்து வீட்டில் ஜன்னலோரம் கட்டில் போட்டோம். சபைப் பெண்கள் முறைவைத்து வந்து பார்த்துக்கொண்டார்கள். வேன் பிள்ளைகளின் அம்மாக்கள் வந்தார்கள். யார் வந்தாலும் அண்ணியின் கண் அண்ணனையே சுற்றும், யாராவது எதையாவது உளறிவிடுவார்களோ என்று. தூக்கத்திலும் திடுக்கிட்டு எழுந்து, அவர்கிட்ட சொல்லிட்டியா என்பாள். வலி மாத்திரைக்கு அடங்கியது. இந்தப் பயம் எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. உயிர் போகிற நேரத்தில் இவளுக்கு இந்தப் பாரம் எதற்கு, சொல்லிவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடுவாளே என்று எனக்குத் தோன்றியது. இதுவும் என் யோசனைதான். என் யோசனைகளால் அவள் பட்டது போதாதென்று இதையும் செய்தேன்.

அண்ணன் அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தான். நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, அண்ணி, இனிமேல் நீ பயப்பட வேண்டாம், அண்ணனுக்கு எல்லாம் தெரியும், கோபமே இல்லை, தெரிந்துகொண்டேதான் குடிக்காமல் இருந்தான் என்று மெதுவாகச் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வந்தது உண்மை, நான் பார்த்தேன். என் புருஷன் என்று அதில் ஒரு பெருமைகூட இருந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றாள்.

"ரெண்டாவது மாசத்துலேர்ந்து."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். விரல்கள் போர்வைக்கு மேல் ஒவ்வொன்றாக மடங்கின. என்ன எண்ணுகிறாள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவள் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தேன்.

"அப்போ நான் அந்த டெஸ்ட்டுக்குப் போயிருக்கலாமே, ஜாஸ்மின்."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் மீதிச் சில்லறை கம்மியாக இருக்கிறதே என்று கேட்கிற மாதிரி கேட்டாள். நான் வாய்விட்டு அழுதேன். அழாதே, அவர் வந்துவிடுவார் என்றாள். அண்ணன் கஞ்சியோடு வந்து, இரண்டு பேரும் என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டான். வேன் பிள்ளைகளைப் பற்றி என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள். அவன் ஊதி ஊதி ஊட்டினான். நாலு கரண்டி குடித்தாள். அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் போய்விட்டாள். அவளுக்கு நாற்பத்தாறு வயது.

அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. போயிருக்கலாம் அண்ணி. நீ போகட்டுமா என்றுதான் கேட்டாய், நான்தான் போகவிடவில்லை.